பெரிய வாத்து, மூன்று ரூபாய்

போன வாரம் நம் ஓட்டலின் சமையல்கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான் வந்திருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஓடி வந்து நாற்காலி போடுவீர்கள். எனக்கு அது பிடிக்கும்தான், ஆனாலும் அன்றைக்குச் சும்மா பார்க்கலாமே என்று நின்றேன். அப்போது உங்களில் ஒருவர் உள்ளே தலையை நீட்டி, "நாலாம் நம்பர் டேபிள் கத்துது, ஊத்தாப்பத்தைச் சீக்கிரம் குடு" என்றார்.

டேபிள் எங்கேயாவது கத்துமா? எட்டிப் பார்த்தேன். கத்தியது ஒரு மனிதர்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பசியோடு இருந்தார்.

அங்கேயே சொன்னால் பெரியவர் புலம்ப ஆரம்பித்துவிட்டார் என்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான், எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் மூன்று ஓட்டல் வைத்தவன். பத்தாவது படித்திருந்தால் பத்து ஓட்டல் வைத்திருப்பேன் என்று கணக்குப் போட வேண்டாம். பத்தாவது படித்திருந்தால் குமாஸ்தா வேலைக்குப் போய், உங்களிடம் ஊத்தாப்பத்துக்குக் கத்திக்கொண்டிருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் ஒரு மலிவு விலைச் சாப்பாட்டு ஓட்டலுக்கு நான் கிளைப் பொறுப்பாளனாக இருந்தேன். ஓட்டல் பெயரைச் சொல்ல மாட்டேன். முதலாளி புதுச்சேரிக்காரர். பேரப்பிள்ளைகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அந்தக் கடற்கரைப் பக்கமாக அவருக்கு ஐந்து கிளைகள். ஐந்துக்கும் ஒரே பச்சைப் பெயின்ட், ஒரே சாம்பார்ப் பொடி. கிளைக்கு ஒரே மின்விசிறி. அதுவும் கல்லாவுக்கு நேர் மேலே சுற்றும். சாப்பிடுகிறவனுக்குக் காற்று பட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு.

வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. காலையில் நின்றால், மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் குந்தி, அடிச்சோற்றில் ஆறிப்போன ரசத்தை ஊற்றிக்கொள்ளும்போதுதான் முழங்கால் மடங்கும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான். "டேய்." முதலாளி வாசலில் நின்று ஒரு "டேய்" விட்டால் ஆறு சப்ளையர்கள், சரக்கு மாஸ்டர், நான், அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்புவோம். பலகாரம் போடுகிற அந்தச் சரக்கு மாஸ்டர் முதலாளியைவிட மூத்தவர்.

அங்கே பில் கிடையாது. காகிதம் வீண் செலவு. சாப்பிட்டவர் எழுந்து கை கழுவிவிட்டுக் கல்லாவுக்கு வருவதற்குள், பரிமாறியவர் நின்ற இடத்திலிருந்தே அவருடைய கணக்கைக் கத்த வேண்டும். கூட்டத்தில் எந்தக் கணக்கு யாருடையது என்று கல்லாவில் இருக்கிற எனக்குத் தெரிய வேண்டுமே? அதற்காகத்தான் அடையாளம். "முன்னாடி வர்ற சொட்டை எழுபது பைசா! பின்னாடி வர்ற மாறுகண்ணு ஒண்ணு பத்து!" சொட்டையும் மாறுகண்ணும் தலையைக் குனிந்துகொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலாளிக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பெருமை. "பெஞ்சை விட்டு எழுந்து போறவன் எவனும் சத்தமில்லாம போகக் கூடாது. எங்கப்பனே வந்து ஒரு காப்பி குடிச்சாலும் கத்தணும்டா" என்பார்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவர் போல ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். செல்வராசு அண்ணன். திண்டிவனம் பக்கம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டினவர். ராஜா மேடைக்கு வருமுன்னே திரையோரம் நின்று "இதோ வருகிறார் பாருங்கள்" என்று முழங்கும் வேஷம் அது. கூத்து இல்லாத மாதங்களில் பெண்டாட்டிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும் என்று தட்டைத் தூக்க வந்தார். தொண்டை என்றால் அதுதான் தொண்டை. அவர் "ரெண்டு இட்லி" என்றால் எக்கியார்குப்பத்தில் வலை பின்னுகிறவன் திரும்பிப் பார்ப்பான். கணக்கு ஒரு பைசா தப்பாது. அடையாளமும் சாதாரணமாக வராது, வர்ணனையோடுதான் வரும். "காத்துல பறக்கற காதுகாரரு அறுபது பைசா!" கடையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குச் சோறு போட்டதே உப்பளத்து ஆட்கள்தான். விடியுமுன்னே பாத்தியில் இறங்குவார்கள். வெயில் ஏறி, கண் கூசும் நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு நாற்பது பேர் கூட்டமாக வருவார்கள். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து, சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி கால்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாகியிருக்கும். உள்ளங்காலை முழுசாக ஊன்ற முடியாது. ஓரத்தை ஊன்றி அகட்டி அகட்டி நடப்பார்கள். அவர்களைக் கூட்டிவருகிறவர் மேஸ்திரி. ஆள் வாட்டசாட்டம், பேச்சு கம்மி. அவர் எந்தக் கடையில் உட்காருகிறாரோ அந்தக் கடையில்தான் நாற்பது பேரும் உட்காருவார்கள்.

ஒருநாள் மேஸ்திரி தன் ஆட்கள் இல்லாமல் வந்தார். சலவைச் சட்டை, தலையில் எண்ணெய். பொம்மையார்பாளையத்திலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு, எங்கள் கடைக்குக் கூட்டிவந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, நீளத் தாடி வைத்தவர், கூட மூன்று பேர். கேசரி, வடை, காப்பி எல்லாம் ஆயிற்று. எழுந்தார்கள். மேஸ்திரி முன்னால் நடக்க, அவர்கள் பின்னால் வந்தார்கள். செல்வராசு அண்ணன் அன்று நல்ல குஷியில் இருந்தார். மூச்சை இழுத்தார்.

"பெரிய வாத்து வருது பாருங்க, மூணு ரூபா! பின்னால வர்ற நாலும் அதோட சேத்தி!"

கடை சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. மாப்பிள்ளையின் அப்பா தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேஸ்திரி காசை வைத்தார், தன் காலை ஒருதரம் குனிந்து பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் உப்பளத்து ஆட்கள் வருகிற நேரம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். வந்தார்கள், நாற்பது பேரும் வரிசையாக வந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் அகட்டி அகட்டி நடந்து, ஒவ்வொருவராக உள்ளே பார்த்து வாத்து மாதிரி "பக் பக் பக்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த ஆப்பக்கடைக்குப் போனார்கள். கடைசி ஆள் மட்டும் திரும்பி வந்து, விட்டுப்போனது போல இன்னொரு "பக்" சொன்னான்.

"அருமையா நடிக்கறானுங்க மேனேஜரே" என்றார் செல்வராசு அண்ணன். கலைஞர் பாருங்கள், அந்த நேரத்திலும் ரசிக்கிறார்.

"ரசிங்கண்ணா. சாம்பார் அண்டாவை யார் குடிக்கறது?" என்றேன்.

அடுத்த நாளும் பக் பக்தான். அதற்குள் சங்கதி முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. அன்று மத்தியானம் புதுச்சேரி பஸ் கண்டக்டர் இறங்காமலேயே ஜன்னல் வழியாகச் செய்தி சொன்னார்.

"ஏம்பா, உங்க மொதலாளி சொல்லச் சொன்னாரு. அந்தத் தொண்டைக்காரனை வூட்டுக்கு அனுப்பிடணுமாம். சனிக்கிழமை அவரு வர்றாராம். அப்பவும் பெஞ்சு காலியா இருந்துச்சுன்னா கடையை இழுத்து மூடிட்டு எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போவலாமாம். ரைட்!"

அந்த "ரைட்" பஸ்ஸுக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை.

செல்வராசு அண்ணன் தோளில் இருந்த துண்டை மடித்தார். "என்னால ஆறு பேரு பொழப்பு போவ வேணாம். நான் போறேன்" என்றார். போக விட்டிருக்கலாம். சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தொண்டையை அனுப்பிவிட்டால் மேஸ்திரி வந்துவிடுவாரா? அடுத்த சப்ளையர் வேறு அடையாளம் சொல்லிக் கத்தத்தானே போகிறார்? கத்தச் சொன்னது யார்? முதலாளியை வீட்டுக்கு அனுப்புகிற அதிகாரம் எனக்கு இல்லை. "சனிக்கிழமை வரைக்கும் துண்டை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, விடிகாலையில் உப்பளத்துக்குப் போனேன்.

வரப்பில் செருப்போடு நின்று கூப்பிட்டேன். "மேஸ்திரி, ஒரு வார்த்தை பேசணும்ங்க."

அவர் வாரும் பலகையை நிறுத்தவில்லை. "பேசணும்னா எறங்கி வா. இங்க பெஞ்சு கெடையாது."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். என் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார்கள். உப்பை இழுத்துக் குவிக்க வேண்டும். பார்க்கிறதுக்கு வாசல் கூட்டுகிற மாதிரி இருக்கும், இழுத்தால் தோள்பட்டை கழன்றுபோகும். நான் சளைக்கவில்லை. நல்ல உடம்பு அப்போது. ஆனால் தண்ணீருக்குள் உப்புப் பரல் கண்ணாடித் தூள் மாதிரி. வெயில் ஏறும்போது என் குதிகாலில் இருந்த பழைய வெடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தது. வரப்பில் ஏறி நாலடி வைத்தேன். பின்னாலிருந்து யாரோ, "டேய், புது வாத்துடா!" என்றான். பாத்தி முழுக்கச் சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமா உன் கடைல துன்றேன். எம்பேரு என்னான்னு சொல்லு பாப்போம்" என்றார்.

வாயைத் திறந்தேன். மேஸ்திரி என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் யாரிடமும் பதில் இல்லாமல் நின்றவன் கிடையாது. "எம்பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"ஏன் தெரியாது? உம்பேரு டேய். உங்க மொதலாளி அப்படித்தான கூப்பிடறாரு?"

இதற்குத்தான் அன்றைக்கு அங்கே பெரிய சிரிப்பு.

"எத்திராசுங்க" என்றேன்.

"லூர்துசாமி" என்றார் அவர். அதற்கப்புறம் பேச்சு நிதானமாகப் போயிற்று. சனிக்கிழமை நாற்பது பேரும் வருவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொருவர் கணக்கையும் அவரவர் பெயரைச் சொல்லித்தான் கத்த வேண்டும். அதே தொண்டைதான் கத்த வேண்டும். ஒரு பெயர் தப்பினாலும், இல்லை, பழையபடி ஏதாவது அடையாளம் வந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் ஆப்பக்கடைதான்.

சம்மதித்துவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. நாற்பது பேரில் ஆரோக்கியசாமி மட்டும் ஆறு பேர். முருகன் ஐந்து பேர். செல்வராசு அண்ணன் அசரவில்லை. "பாரதக் கூத்துல அண்ணன் தம்பிங்க நூறு பேரு. அந்தப் பேரையே சொன்னவன் நான்" என்றார். இரண்டு நாளும் உப்பளம் விடுகிற நேரத்தில் போய், ஆட்களோடு பேசிக்கொண்டே நடந்து வந்தார். அவர்கள் "பக் பக்" என்றால் இவரும் "பக் பக்" என்பார். ஊர், அப்பா பெயர், பெயர் எல்லாவற்றையும் தாளம் போட்டுப் பாட்டாகக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமை காலையில் மாவு ஆட்டுகிறவர்கூட அதே மெட்டில்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை முதலாளியின் கறுப்புக் கார் வந்து நின்றது. வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி வாங்கிக்கொண்டார். காப்பியை ஆற்றியபடியே, "டேய், இவனை இன்னும் அனுப்பலையா?" என்றார்.

"சாயந்தரம் அனுப்பிடறேன் மொதலாளி" என்றேன். எந்தச் சாயந்தரம் என்று சொல்லவில்லை.

ஆட்கள் வந்தார்கள். பெஞ்சு நிறைந்தது. முதலாளியின் முகம் தெளிந்தது. முதல் ஆள் எழுந்தான்.

"எக்கியார்குப்பத்துச் சவரிமுத்து மகன் ஆரோக்கியசாமி வர்றாரு! எழுபது பைசா!"

அந்த ஆரோக்கியசாமியைப் பார்க்க வேண்டுமே! கை கழுவப் போனவன் பாதியில் நின்றுவிட்டான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதே அகட்டிய நடைதான், ஆனால் பட்டாபிஷேகத்துக்கு நடக்கிற மாதிரி வந்து காசு கொடுத்தான். அடுத்தவன் எழுந்தான், அதற்கடுத்தவன் எழுந்தான். இன்னொரு சாதம் கேட்க இருந்தவன்கூடத் தன் பெயரைக் கேட்கிற அவசரத்தில் எழுந்துவிட்டான். பாதிப் பேர் ஆயிற்று. ஒரு தப்பு இல்லை.

"என்னடா இது, கடையா கூத்துக்கொட்டகையா? ஒருத்தனுக்கு இவ்ளோ நேரமா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார். நான் சில்லறை கொடுப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

அப்போது மூலை பெஞ்சிலிருந்து ஒரு தாடி எழுந்தது. பொம்மையார்பாளையத்துச் சம்பந்தி! கூட்டத்தோடு கூட்டமாக மேஸ்திரி அவரையும் உட்கார வைத்திருந்தார். இவர் பெயர் எங்கள் பாட்டில் இல்லை. செல்வராசு அண்ணன் மூச்சை இழுத்தார், இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. இருபது கைகள் இலை நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி பெஞ்சிலிருந்தே கத்தினார்: "டேய், என்ன முழிக்கற? தாடின்னு கத்தி அனுப்புடா!"

சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிறார். சொன்னபடி கத்தினால் கடை போகும், கத்தாவிட்டால் என் வேலை போகும். செல்வராசு அண்ணன் என்னைப் பார்த்தார். பெரிய மூளை வேலை ஒன்றும் செய்யவில்லை நான், மற்றவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குமே தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றியது.

"தெரியலைன்னா கேளுங்கண்ணா" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கும்பிட்டார். "ஐயா, உங்க பேரு என்னாங்க?"

தாடிக்காரர் திகைத்துப்போனார். "சின்னப்பன்" என்றார், சிறு குரலில்.

"பொம்மையார்பாளையத்துப் பெரியவர், மேஸ்திரி லூர்துசாமியோட சம்பந்தி, சின்னப்பன் ஐயா வர்றாரு! எண்பது பைசா!"

இலை நுனியைப் பிடித்த கைகள் சோற்றுக்குத் திரும்பின. மேஸ்திரி முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். முதலாளி பக்கம் திரும்பி, "திங்கக்கிழமையும் வர்றோம்ங்க. இந்தத் தொண்டை இங்க இருக்கற வரைக்கும் வருவோம்" என்றார்.

முதலாளி வியாபாரி. அந்த வார்த்தையில் எத்தனை சாப்பாடு இருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதனால் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காருக்குப் போக எழுந்தார்.

பெஞ்சை விட்டு எழுந்தார் என்பதைக் கவனியுங்கள்.

செல்வராசு அண்ணன் சட்டப்படி மூச்சை இழுத்தார். இழுத்தவர் நிறுத்திவிட்டார். மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் சரக்கு மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் மற்ற ஐந்து சப்ளையர்களையும் பார்த்தார். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. முதலாளி என்பதைத் தவிர அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நாங்கள் நினைத்ததில்லை.

செல்வராசு அண்ணன் கும்பிட்டார். "ஐயா, உங்க பேரு என்னாங்க?"

சொல்லாமல் போனால் என்ன அடையாளம் வருமோ என்று முதலாளிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கழுத்து கொஞ்சம் நீளம் அவருக்கு. சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்தே சொன்னார். அதை வாங்கி அந்தத் தொண்டை முழங்கியது: இன்னார் மகன் இன்னார் வருகிறார், ஒரு காப்பி, முப்பது பைசா! அன்றைக்கு அந்தப் பெயர் கடல் வரைக்கும் கேட்டது. நான் மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருபது பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பையைத் துழாவி முப்பது பைசாவை எடுத்து, தன்னுடைய கல்லாவில் தானே வைத்தார். நான் சரிபார்த்து வாங்கிப் போட்டேன்.

அடுத்த மாதமே எல்லாக் கிளைகளிலும் வாடிக்கைக்காரர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவருடைய சொந்த யோசனையாம். வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு ஒரு நீளப் பெஞ்சும் வந்தது, அது யாருடைய யோசனை என்று அவர் சொல்லவில்லை. மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஆறு சப்ளையர்களையும் ஆறு பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். மூன்று ஓட்டல் வைத்த பிறகும் அந்த அளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

உங்கள் சட்டையில் இன்று பெயர் குத்தியிருக்கிறோம். பாதி வாடிக்கைக்காரர்கள் அதைப் படிப்பதில்லை, "ஹலோ" என்கிறார்கள். உங்களுக்குக் கோபம் வருகிறது, நியாயம்தான். அதற்குப் பதிலாக அவரை நாலாம் நம்பர் ஆக்காதீர்கள். போய்க் கேளுங்கள். அன்றைக்குக் கத்தினவர் பெயரை நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். அவர் மறுபடி வருவார்.

முதலாளி அதற்கப்புறமும் மாதம் ஒருமுறை வந்தார். ஆனால் எங்கள் கிளையில் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிக்கவே இல்லை. காரை விட்டு இறங்காமல் அங்கேயே வரவழைத்துக் குடிப்பார். எழுந்தால்தானே கத்துவான் என்ற எண்ணம். செல்வராசு அண்ணன் பொறுமையாகக் காரின் பக்கத்தில் நிற்பார், காலி டம்ளரை வாங்கிக்கொள்வார், கார் உறுமிக் கிளம்புகிற வரைக்கும் காத்திருப்பார். பிறகு மூச்சை இழுப்பார். கொஞ்ச தூரம் போன கார் நின்று, பின்னாலேயே வந்து, ஜன்னல் வழியாக ஒரு கை முப்பது பைசாவை நீட்டும்.